டைனோசருக்குக் குரல் கொடுத்தவர்

மனைவி: அத எங்க வெச்சீங்க?

கணவன்: எத?

மனைவி: கையில வெச்சிருந்தேனே, அந்த டைனோசர் பெட்டி. பர்ஸத் தேடறதுக்குள்ள காணோம்.

கணவன்: அது இருக்க வேண்டிய எடத்துல வெச்சுட்டேன். சமையல் நிகழ்ச்சி டிஸ்குக்கெல்லாம் பின்னாடி. வா, போலாம்.

மனைவி: ஏங்க, மூணு படம், ஒரே பெட்டி. அதுவும் முட்டை மாதிரி பெட்டி. கடைக்காரத் தம்பி கடையக் காலி பண்றாருன்னு பாதி விலைக்குப் போட்டிருக்கார். இத விட்டா அப்புறம் எங்க போய்த் தேடறது?

கணவன்: முட்டைய வீட்ல எங்க வைப்ப? அலமாரியில உருண்டுக்கிட்டே இருக்கும். என்னைக்காவது என் தலையில விழும்.

மனைவி: உருளாது. அடியில தட்டையா இருக்கும்.

கணவன்: நீ இன்னும் அடியத் திருப்பியே பாக்கலையே.

மனைவி: ...நிக்குதில்ல, அத வெச்சுச் சொன்னேன்.

கடைக்காரர்: வாங்கக்கா. என்ன, மறுபடியும்...

மனைவி: மறுபடியும் என்ன தம்பி, நான் இந்த டைனோசர் பெட்டியப் பாக்கறதே இப்பத்தானே. இவர் என் வீட்டுக்காரர். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கணும்னு கூடவே வந்துட்டார்.

கடைக்காரர்: ஓ... சரி சரி. வாங்க சார். பேட்டரி அந்தப் பக்கம்.

கணவன்: பேட்டரி கெடக்கட்டும். நீங்க மனசாட்சியோட சொல்லுங்க. இந்த டைனோசர் செட்டு காசு குடுத்து வாங்கற பொருளா?

கடைக்காரர்: முதல் படம் அருமையா இருக்கும் சார். பள்ளத்தாக்குல ரயில் போகும்...

கணவன்: கேட்டியா? முதல் படம் மட்டும்தான்னு அவரே சொல்லிட்டார்.

கடைக்காரர்: நான் இன்னும் ரெண்டாவதுக்கே வரல சார்.

கணவன்: வரவே வேணாம். ரெண்டாவதுல டைனோசர் கப்பல்ல ஏறுது. அவ்ளோ பெரிய உருப்படி ஏறினா கப்பல் முழுகாதா? மூணாவதுல பனியில நடக்குது. உடம்புல ஒரு முடி கிடையாது. ஒரு தும்மல்கூடப் போடல.

கடைக்காரர்: மூணாவது கொஞ்சம் இழுவைதான். ஒத்துக்கறேன்.

கணவன்: அதுக்குப் பதிலா இதப் பாரு. வண்ணத்துப்பூச்சியோட வாழ்க்கை. நாலு டிஸ்க். கண்ணுக்குக் குளிர்ச்சி. யாரும் யாரையும் முழுங்கறதில்ல.

மனைவி: எனக்கு வண்ணத்துப்பூச்சி வேணாம். கதைக்காகவா வாங்கறேன்? உங்க குரலுக்காக.

கடைக்காரர்: சார் குரலா?

கணவன்: அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க அந்தப் பேட்டரிய எடுங்க.

மனைவி: இவர் சினிமாவுக்கு டப்பிங் பேசறவர் தம்பி. தமிழ்ல இந்த மூணு படத்துலயும் அந்தப் பெரிய டைனோசருக்குக் குரல் குடுத்ததே இவர்தான்.

கடைக்காரர்: டைனோசருக்கா?

கணவன்: பழைய கதை. விடுங்க.

கடைக்காரர்: டைனோசர் பேசாதே சார்.

கணவன்: பேசாது. உறுமும்ல?

கடைக்காரர்: உறுமறதத் தமிழ்லயா உறுமணும்?

கணவன்: ...ஒவ்வொரு மொழிக்கும் ஒரு அழுத்தம் இருக்குல்ல.

மனைவி: எங்க சொந்தக்காரங்க எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் இவர் ஒரு தடவை உறுமினாத்தான் சாப்பாட்டுக்கே எந்திரிப்பாங்க. ஏங்க, தம்பிக்கு ஒண்ணு காட்டுங்களேன்.

கணவன்: கடைக்குள்ளயா? தொண்டை வேற சரியில்ல.

மனைவி: காலையில மோட்டார் போட மறந்துட்டேன்னு என்னைக் கத்தினீங்களே, அப்ப நல்லாத்தானே இருந்துச்சு.

கடைக்காரர்: சின்னதா ஒண்ணு சார். எனக்காக.

கணவன்: ...சரி. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. ஹ்ர்ர்ர்ர்... கொர்ர்ர்ர்ஆஆஆ... க்ஹும். க்ஹும்.

கடைக்காரர்: தண்ணி தரட்டுமா சார்?

கணவன்: வேணாம். கடைசியில வந்தது இருமல் இல்ல. அதுவும் டைனோசர்தான்.

கடைக்காரர்: அந்த ஓரமா நின்ன அம்மா கூடைய வெச்சுட்டு வெளிய போயிட்டாங்க சார்.

மனைவி: பாத்தீங்களா? இதத்தான் எல்லாருமா உக்காந்து கேக்கணும்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் குடும்பத்தோட வர்றார். அப்பாவும் வர்றார்.

கணவன்: எதுக்கு?

மனைவி: படம் பாக்க. நீங்க உறுமறதக் கேக்கணும்னு அப்பா பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வர்றாராம்.

கணவன்: பக்கத்து வீட்டுக்காரங்களா? எந்தப் பக்கம்?

மனைவி: ரெண்டு பக்கமும். எதிர் வீடும்.

கணவன்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே.

மனைவி: இப்பத்தானே சொல்றேன்.

கணவன்: நடக்காது. நம்ம வீட்ல டிஸ்க் ஓட்டற மிஷினே ரிப்பேரு.

மனைவி: நல்லா ஓடுது.

கணவன்: அது உறை போட்டு மூடியே வருஷக்கணக்காச்சு. ஓடுதுன்னு உனக்கு யார் சொன்னா?

மனைவி: ...தூசி தட்டறப்ப சும்மா போட்டுப் பாத்தேன்.

கடைக்காரர்: சார், இந்தச் செட்டுல இன்னொரு விசேஷம் இருக்கு. படம் எடுத்த விதத்தத் தனியா ஒரு டிஸ்கா போட்டிருக்காங்க. அந்த உறுமல எப்படி உண்டாக்கினாங்கன்னுகூடக் காட்டுவாங்க. ஒரு ஒட்டகம், எண்ணெய் போடாத ஒரு கதவு, ஒரு பழைய லாரியோட கியர். மூணையும் கலந்து...

கணவன்: லாரி கியர்னு என்னைத்தான் சொல்றாங்க.

கடைக்காரர்: ஓகோ.

கணவன்: இங்க குடுங்க அந்தப் பெட்டிய. முதல்ல இதுல தமிழ் இருக்கான்னு பாப்போம். எறும்பு மாதிரி எழுத்து... யாரது வெளிச்சத்த மறைக்கறது?

கடைக்காரர்: நான்தான் சார். தள்ளிட்டேன்.

மனைவி: இவருக்கு இதே பாட்டுதான் தம்பி. தினம் காலையில கண்ணாடி முன்னாடி பல்லு தேய்ச்சுக்கிட்டு, வாய் நிறைய நுரையோட, "யாரது வெளிச்சத்த மறைக்கறது"ம்பார். வீட்ல இருக்கறதே நாங்க ரெண்டு பேர்தான்.

கணவன்: ...ம். தமிழ் இருக்கு. இருந்தாலும் வேணாம். நான் சம்மதிக்க மாட்டேன்.

மனைவி: எதுக்கு இவ்ளோ பிடிவாதம்? எனக்குக் கோவம் வருது.

கணவன்: கோவப்படு. பரவால்ல. தம்பி, இவளுக்குக் கோவம் வந்தா வீடே அதிரும். ஆனா தங்கமான மனசு. சண்ட போட்டுட்டு நான் மொட்டை மாடிக்குப் போயிடுவேன். அரை மணி நேரம் கழிச்சு எறங்கி வந்தா, சிரிச்ச முகத்தோட டீ போட்டு வெச்சிருப்பா. யாரும் சமாதானம் சொல்ல வேணாம். தானா ஆறிடும்.

கடைக்காரர்: தானாவா? என் வீட்ல மூணு நாள் ஆகுது சார். எப்படிக்கா?

மனைவி: மனசு அப்படி. நீங்க பில்லப் போடுங்க.

கடைக்காரர்: இருங்கக்கா. வாங்கறவங்களுக்குப் போட்டுக் காட்டறதுக்குன்னு பிரிச்ச செட்டு ஒண்ணு வெச்சிருக்கேன். சார் குரல இங்கயே கேட்டுடலாம்.

கணவன்: உங்களுக்கு எதுக்குச் சிரமம்?

கடைக்காரர்: ஒரு பட்டன்தான் சார்.

கணவன்: கரண்டு வீணாகும்.

கடைக்காரர்: என் கரண்டுதானே. ...ஆங், தமிழ்ல வெச்சுட்டேன். ரயில் வருது பாருங்க. இப்ப மலைக்குப் பின்னாடிலருந்து தலை தெரியும்... கேட்டீங்களா?

மனைவி: அடேயப்பா. கண்ணாடியெல்லாம் அதிருது.

கணவன்: சுமாராத்தான் பண்ணியிருக்கேன்.

கடைக்காரர்: கோச்சுக்காதீங்க சார். நீங்க இப்ப உறுமினதுக்கும் இதுக்கும் கொஞ்சம்...

கணவன்: அப்ப வயசு வேற.

மனைவி: தம்பி, வேற மொழியில மாத்துங்களேன். அதுல யாரு உறுமறாங்கன்னு கேப்போம்.

கணவன்: அது எதுக்கு? நமக்கு ஒரு எழவும் புரியாது.

கடைக்காரர்: மாத்திட்டேன். ...அதே சத்தம். இது இன்னொரு மொழி... இதுலயும் அதேதான் சார்.

கணவன்: ஆமா. என்னோடத எடுத்து எல்லா மொழிக்கும் போட்டுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை கேக்கல பாருங்க.

மனைவி: அடப்பாவமே. கேஸ் போடலாமாங்க?

கணவன்: வேணாம். பெருந்தன்மையா விட்டுடலாம்.

மனைவி: சரி, அந்த ரிமோட்ட இங்க குடுங்க தம்பி. ரெண்டாவது டிஸ்க உள்ள தள்ளுங்க. ம்... கப்பல்... இது இல்ல. புயல்... இதுவும் இல்ல. கொஞ்சம் பின்னாடி. இன்னும் கொஞ்சம். இங்கதான்.

கணவன்: உனக்கு எப்படி இவ்ளோ சரியா...

மனைவி: குத்துமதிப்பா அழுத்தினேன்.

கடைக்காரர்: இது யாரு, கப்பல் சமையல்காரர்ல? மேல் தளத்துல ஒரு கண்ணாடிய மாட்டி வெச்சுக்கிட்டுப் பல்லு தேய்க்கறார். பின்னாடி டைனோசர் எட்டிப் பாத்துக்கிட்டே வருது. பாவம், மனுஷன் கவனிக்கல.

கணவன்: நிறுத்துங்க அத.

கடைக்காரர்: இதான் சார் ரசமான எடம்.

கணவன்: சொல்றேன்ல, நிறுத்துங்க.

தொலைக்காட்சி: யாரது வெளிச்சத்த மறைக்... ஐயோ.

கடைக்காரர்: முழுங்கிடுச்சு. ...சார்.

கணவன்: தெரியும்.

கடைக்காரர்: கொஞ்சம் முன்னாடி என்னைப் பாத்துச் சொன்னீங்களே, அதே குரல்...

கணவன்: தெரியும்யா.

மனைவி: என்னங்க இது?

கணவன்: ...கேளும்மா. நான் டைனோசர் இல்ல. டைனோசர் வாயில போற ஆளு. மூணு படத்துக்கும் சேத்து எனக்கு ஒரே ஒரு வரி. அதையும் முழுசா சொல்ல விடல.

மனைவி: ம்.

கணவன்: வேணும்னு சொன்ன பொய் இல்ல. உங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப உங்கப்பா என்ன வேலைன்னு கேட்டார். டப்பிங்னேன். யாருக்குன்னார். டைனோசர் படம் வந்துச்சுல்லன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள, "டைனோசருக்கேவா"ன்னு எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டார். அவர் கண்ணு அப்படி மின்னுது. நீ மாடிப்படியில நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருக்க. அந்த நேரத்துல போயி, இல்லைங்க, அது சாப்பிடற ஆளு நான்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கடைக்காரர்: கஷ்டம்தான் சார்.

கணவன்: அப்புறம் உறுமி உறுமியே பழகிடுச்சு. உன் முன்னாடி கொஞ்சம் பெரிய ஆளா இருக்கணும்னு ஒரு ஆசை. அவ்ளோதான். இப்ப உங்கப்பா, உங்கண்ணன், பக்கத்து வீடு, எதிர் வீடு... ஞாயித்துக்கிழமை நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காருவேன்? சிரிக்கறதா இருந்தா சிரிச்சுடு.

மனைவி: ஞாயித்துக்கிழமை யாரும் வரல.

கணவன்: என்னது?

மனைவி: நான் பாட்டுக்குத் தனியா வந்து வாங்கிட்டுப் போயிருப்பேன். பேட்டரி பேட்டரின்னு நீங்க ஒட்டிக்கிட்டு வந்துட்டீங்க. எதுக்கு வாங்கறேன்னு கேட்டா ஒரு காரணம் சொல்லணும்ல? வாயில வந்ததச் சொன்னேன். அதுக்கும் நீங்க மசியலன்னுதான் அந்த எடத்தப் போட்டேன். அப்பாவுக்கு நீங்க டைனோசராவே இருங்க. அவருக்கு அதுல ஒரு பெருமை. நான் கெடுக்கப் போறதில்ல.

கணவன்: அப்படின்னா... உனக்கு முன்னாடியே தெரியுமா?

மனைவி: கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நீங்க வந்துட்டுப் போனதும் இந்தப் படமெல்லாம் டிஸ்கா வாடகைக்கு எடுத்துட்டு வந்து உக்காந்தேன். உறுமறது எதுலயும் உங்களக் காணோம். சரி, புளுகன் போலன்னு எந்திரிக்கப் போறேன், ஒரு ஆளு பல்லு தேய்ச்சுக்கிட்டே "ஐயோ"ன்னான். அந்த ஐயோ எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அப்பாகிட்டப் போயி சம்மதம்னு சொல்லிட்டேன்.

கணவன்: இத்தன வருஷமா என்னை உறுமவும் விட்டு...

மனைவி: நீங்க அத எவ்ளோ ஆசையாப் பண்ணீங்க.

கடைக்காரர்: சார், நானும் ஒண்ணு சொல்லிடறேன், மனசு உறுத்துது. அக்கா என்கிட்ட ஏற்கெனவே ரெண்டு செட்டு வாங்கியாச்சு. நான் வாயத் தொறந்ததுமே, எதையும் சொல்லிடாதன்னு கண்ணக் காட்டிட்டாங்க.

மனைவி: தம்பி, நீங்க பில்லப் போடற வேலையப் பாருங்க.

கணவன்: ரெண்டு செட்டா? வீட்ல ரெண்டு முட்டையா? எங்க வெச்சிருக்க?

மனைவி: தையல் மிஷின் மூடிக்குள்ள.

கணவன்: அதான் மூடி சரியா உக்கார மாட்டேங்குதா? ஏம்மா, ரெண்டு இருக்கறப்ப மூணாவது எதுக்கு?

மனைவி: சண்ட போட்டுட்டு நீங்க மாடிக்குப் போயிடறீங்கள்ல... நான் கதவச் சாத்திக்கிட்டு இந்த ஒரு எடத்த மட்டும் போட்டுப் பாப்பேன். உங்கள முழுங்கும். திருப்பி ஓட்டுவேன், மறுபடியும் முழுங்கும். மனசு ஆறினதும் எந்திரிச்சுப் போயி டீ போடுவேன். ஓட்டி ஓட்டி ரெண்டு டிஸ்க்லயும் அந்த எடத்துல கீறல் விழுந்துடுச்சுங்க. இப்பல்லாம் நீங்க பாதி வாயிலயே நின்னுடறீங்க... முழுசா முழுங்க மாட்டேங்குது.