நெஞ்சில் கை வைத்த கர்னல்

உட்காருங்கள் தம்பி, அந்த நாற்காலியில் வண்ணம் இல்லை. போலீஸ் சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

சூலியா தெருவில் முப்பது வருஷமாகப் பெரிய மனிதர்களை வரைகிறேன். இராணுவத்துக்காரர் படத்துக்கென்று ஒரு முறை உண்டு. பார்க்கிறவன் அண்ணாந்து பார்க்கிற மாதிரி மோவாய் சற்றுத் தூக்கியிருக்க வேண்டும். கை வாள் பிடியில். பதக்கம் எடுப்பாகத் தெரிய, சட்டைப் பையில் எதுவும் புடைக்கக் கூடாது. எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். அதெல்லாம் அந்தஸ்துக்கு. குணம் தெரிய வேண்டுமென்றால், பதக்கம் கிடைத்த கதையைச் சொல்லச் சொல்வேன். முகம் தானாகத் திறந்துவிடும்.

டத்தோ பட்டம் வாங்கிய கர்னல் முகம்மது சுல்தான் தன் படத்தை வரையச் சொல்லி வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன், வெள்ள மீட்புக்குப் போன என் மகன் சிப்பாய் ஐமான் மூழ்கி இறந்தான். உயிர்காப்புச் சட்டையை அலட்சியமாகக் கழற்றிவிட்டான் என்று அறிக்கை எழுதியவர் இவர்தான். ஆனாலும் தன் கைப்பட ஆறுதல் கடிதம் அனுப்பினார். அதை நான் சட்டம் போட்டு மாட்டினேன். என் மனைவி நூர்ஜான், "எம்புள்ளைக்கு ஏன் அந்த வெளையாட்டுப் புத்தி" என்று புலம்பிப் புலம்பியே கண்ணை மூடினாள். நான் ஐமானின் அத்தா என்று கர்னலிடம் சொல்லவில்லை. சலுகை கேட்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம்.

பதக்கம் வரைகிற நாளில் கதையைக் கேட்டேன்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி வந்துச்சே, அந்த வெள்ளம்லா அண்ணே. போட் கவுந்திருச்சு. எங்கிட்ட ஜாக்கெட் இல்ல. ஒரு பையன் தன்னோடத கழட்டிக் குடுத்தான். பேரு ஞாபகமில்ல. ரிப்போர்ட்ல அப்பிடியா எழுத முடியும்?" சிரித்தார்.

அந்த வெள்ளத்தில் இறந்தது ஒரே ஒரு சிப்பாய். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார் தம்பி. என் பிள்ளையின் உயிரை வாங்கிக்கொண்டு, அவன் பெயரையும் கெடுத்துவிட்டு, அதற்குப் பதக்கமும் குத்திக்கொண்டு நின்றார். மோவாயை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னேன்.

சற்று நேரத்தில் அவருக்கு வியர்த்தது. கை வாளை விட்டு நெஞ்சுக்குப் போனது. "அண்ணே, மாத்திர" என்றார். அவர் பையிலிருந்து எடுத்து வைத்த மாத்திரை என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"அசையாதீங்க டத்தோ, இப்பத்தான் முகம் சரியா வருது" என்றேன்.

அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நெஞ்சில் இருந்த அந்தக் கையை வரைந்து முடித்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

படம் இப்போது அவர் வீட்டு ஹாலில் இருக்கிறது. "நாட்டை நெஞ்சுல வச்சிருந்தாரு, பாருங்க" என்று அவர் மனைவி ஆசியா பீவி வருகிறவர்களிடம் காட்டுகிறாராம்.

வண்ணம் காய்வதற்குள் முடிக்கும் அவசரத்தில் அவர் மாத்திரை கேட்டதைக் கவனிக்கவில்லை என்று அன்று உங்களிடம் சொன்னேன். எண்ணெய் வண்ணம் காய மூன்று நாளாகும் தம்பி. எழுதிக்கொள்ளுங்கள்.