படிகத்துக்கு ஒரு போட்டோ

போட்டோக்காரர்: ...ஒரு நிமிஷம் மேடம். நாளைக்கு எங்கம்மா உங்க வீட்டுக்குக் கல்யாணம் பேச வர்றாங்க. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு...

மேடம்: மேஜையில சாயாதீங்க!

போட்டோக்காரர்: சாயல. ஓரமாத்தான் நின்னேன்...

மேடம்: நீங்க ஓரமா நின்னாலே ஆடும். அந்தக் கண்ணாடித் தட்டுல இருக்குற துளிக்குள்ள கிரிஸ்டல் வளந்திருக்கு. எத்தனை மாசத் தவம் தெரியுமா?

போட்டோக்காரர்: எங்க? ஒண்ணும் தெரியலையே.

மேடம்: மைக்ராஸ்கோப்ல பாருங்க.

போட்டோக்காரர்: அட! கண்ணாடித் துணுக்காட்டம்... நீங்க ஆராய்ச்சி பண்ற எச்.ஐ.வி. இதுதானா?

மேடம்: ஏன் பின்னால போறீங்க? வைரஸ் இல்லீங்க. அதோட ஒரே ஒரு புரதம். பாக்டீரியாவுல செஞ்சு எடுத்தது. கடிக்காது.

போட்டோக்காரர்: எனக்கென்ன பயம்... நான் சொல்ல வந்தது...

மேடம்: இருங்க, இருங்க. இந்தக் குட்டி வளையத்துல அள்ளணும்... பேசாதீங்க... அப்பாடா! மாட்டிருச்சு. உறைய வச்சாச்சு. இனி எக்ஸ்ரேதான்.

போட்டோக்காரர்: சிரிக்கச் சொல்லட்டுமா?

மேடம்: உங்க ஸ்டுடியோ புத்தி எங்க போகும்! எக்ஸ்ரே படப்பட கிரிஸ்டல் சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு கோணத்துலயும் ஒரு படம்.

போட்டோக்காரர்: ...என்ன மேடம், வெறும் புள்ளியா வருது? நான் இப்படிப் படம் எடுத்துக் கொடுத்தா அடிக்க வருவாங்க.

மேடம்: புள்ளி வந்ததே பெருசு! போன தடவை கிரிஸ்டல் கிரிஸ்டல்னு எல்லாரையும் கூட்டிக் காட்டினேன். கடைசில பாத்தா உப்பு. மானமே போச்சு. இந்தப் புள்ளிங்கள வச்சுக் கணக்குப் போட்டா உருவம் கிடைக்கும். அந்தத் திரையில இருக்கு பாருங்க, இதே புரதம்தான், முன்னாடி எடுத்தது.

போட்டோக்காரர்: ரிப்பனைச் சுருட்டி வச்ச மாதிரி...

மேடம்: கத்தரிக்கோல்னு வச்சுக்கங்க. வைரஸோட நீளமான புரதத்தை இது துண்டு துண்டா வெட்டிக் கொடுத்தாத்தான் புது வைரஸ் முழுசா உருவாகும்.

போட்டோக்காரர்: நடுவுல என்னமோ சிக்கியிருக்கே?

மேடம்: மாத்திரை. கத்தரிக்கோலோட வாயை அடைச்சிருச்சு. இனி வெட்ட முடியாது.

போட்டோக்காரர்: ...அந்த மாத்திரை சாப்பிடுற ஆளு... கல்யாணம் பண்ணிக்கலாமா?

மேடம்: தாராளமா. ஒழுங்கா சாப்பிட்டு, ரத்தத்துல வைரஸ் தட்டுப்படாம வச்சிருந்தா பொண்டாட்டிக்கு ஒட்டாது. புள்ளகுட்டியும் பெத்துக்கலாம்.

போட்டோக்காரர்: டாக்டரும் அதைத்தான்... ம். ஆனா நிஜத்துல எந்தப் பொண்ணு சம்மதிப்பா?

மேடம்: யாருக்காகக் கேக்குறீங்க?

போட்டோக்காரர்: ஒரு... ஃப்ரெண்டு.

மேடம்: ஃப்ரெண்டா...

போட்டோக்காரர்: இல்ல. எனக்குத்தான். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, பல வருஷமா. மருந்தை ஒரு நாள் விட்டதில்ல, ரத்தத்துல தட்டுப்படவும் இல்ல. ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வருவேன், உங்களைப் பாத்ததும் வேற ஏதாவது பேசிட்டுப் போயிடுவேன். எங்க உங்களை இழந்துடுவேனோன்னு பயம். வேணாம்னா சொல்லிடுங்க, அம்மாகிட்ட ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்திடுறேன்... கோவமா இருந்தா, மேடம், திட்டவாவது செய்யுங்க.

மேடம்: திட்டத்தான் போறேன், இத்தனை நாள் தனியா வச்சுப் புழுங்குனதுக்கு. முதல் தடவை இந்த லேபைப் படம் எடுக்க வந்தீங்களே, அன்னிக்கே உங்க கேமரா பையில அந்த மாத்திரை டப்பாவப் பாத்துட்டேன். நீங்களா சொல்லட்டும்னு யார்கிட்டயும் மூச்சு விடல. அந்த மாத்திரையோட ஒவ்வொரு அணுவும் எங்க போய் உக்காரும்னு தெரிஞ்சவ நான்... தெரியாமயா நாளைக்கு உங்கம்மாவ வரச் சொன்னேன்?