பிறந்த தேதி பாத்தியா?

ஹலோ... ஹலோ மச்சான், கதவைப் பூட்டுங்க... எதுக்குன்னு சொல்றேன், முதல்ல பூட்டுங்க... நான் கீழ பேங்க் ஹால்ல மேசைக்கு அடியில கிடக்கேன்... விளையாட்டு இல்ல மச்சான். ஒருத்தன் இரும்புக் கம்பியோட வந்து கவுண்ட்டர் பூரா அடிச்சு நொறுக்கிட்டான். வாட்ச்மேனுக்கு மண்டை பொளந்து ரத்தமா கொட்டுது...

ஆமா, ஆமா, போலீசுக்குச் சொல்லியாச்சு. வந்துக்கிட்டே இருக்காங்களாம்...

அவன் கணக்கை முடக்கிட்டோம். தேடப்படுறவங்க பட்டியல்ல அவன் பேரு இருந்துச்சு... நீங்க இல்ல, நான்தான். போன வாரம் நீங்க லீவுல போனப்போ உங்க சீட்ல உக்காந்தேன்ல, அப்போ. பேரு எழுத்துகூட மாறல மச்சான்...

பிறந்த தேதியா... பாக்கல... ஆமா, பாக்கல. அதே பேருல வேற ஆளு இருப்பான்னு தோணல. அதையும் ஒத்துப் பாக்கணும்னு எனக்கு யாரு... சரி, திட்டுங்க. ஒம்பது வருஷமா பட்டியல்ல பேரை மட்டும் பாத்துக்கிட்டு ஒரே நாற்காலியைத் தேய்க்கிறீங்கன்னு உங்க வீட்டுல அக்கா முன்னாடியே கேலி பண்ணேன். பேங்க்ல அஞ்சு வருஷத்துல அஞ்சு செக்‌ஷன் பாத்தவன்னு பீத்திக்கிட்டேன். எல்லாம் தெரியும்னு நெனச்சேன் மச்சான்...

இல்ல, இப்போ முடக்கத்தை எடுத்து என்ன பண்ண. அவன் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். பணம் எடுக்க முடியாம அலைஞ்சிருக்கான்... இல்ல. காலையில செத்துப் போயிட்டா...

கேட்டான். யார் பண்ணதுன்னு கழுத்துல கம்பியை வெச்சு அழுத்திக் கேட்டான்... என்ன சொல்லுவேன். பேரு பாக்குறவர் ரெண்டாவது மாடியிலன்னு சொல்லிட்டேன்... ஆமா, உங்க பேரையும் சொல்லிட்டேன்... உயிர் பயம் மச்சான். அக்கா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, இருந்தும் வாயில வந்துடுச்சு...

பூட்டே இல்லையா? பீரோவை இழுத்து அடைங்க... மாடிப்படிக் கம்பியில டங்கு டங்குன்னு அடிச்சுக்கிட்டே ஏறுறான், இங்க கேக்குது... ஜன்னல் வழியா... முடியாதா...

அது என்ன சத்தம்? கதவா?... மச்சான், முடக்குனது நான் இல்லன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க. கீழதான் ஒளிஞ்சிருக்கான்னு சொல்லுங்க, பரவால்ல... மச்சான், கேக்குதா...

யார்கிட்ட பேசுறீங்க... அவன்கிட்டயா? பிறந்த தேதி என்னன்னா கேக்குறீங்க?... இப்போ எதுக்கு மச்சான் அது... என் பேரைச் சொல்லுங்க... மச்சான்...

ஹலோ... ஹலோ...