நூறு முடியும்வரை

எனக்குக் கோபமே வராது என்றுதான் பட்டறையில் சொல்வார்கள். வரும் ஐயா. விழுங்கிவிடுவேன்.

பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் சொன்ன வழி அது. கோபம் வந்தால் கடவுள் பெயரை மனதுக்குள் நூறு தடவை சொல்ல வேண்டும். நூறு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. பிறகு யார்மேல் கோபம் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். அதற்காகவே நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் படித்தேன். ஏழு வருஷம் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. புதிதாக வரும் ஆட்களுக்கு மேஸ்திரி என்னைத்தான் காட்டுவார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சிமெண்டுக் கல் போடும் பட்டறை எங்களுடையது. வாரம் ஒருமுறை கலவை மிஷினின் உருளைக்குள் ஒருவர் இறங்கி, காய்ந்து ஒட்டியதைக் கொத்தி எடுப்பார். உளிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது. அதனால் வெளியே ஒருவர் காவல். சுவிட்சு இருக்குமிடத்திலிருந்து உருளையின் வாய் தெரியாது. மிஷினைப் போடுமுன் சுவிட்சுக்காரர் மூன்று தடவை குரல் கொடுப்பார். காவல் நிற்பவர் பதில் சொல்லாவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று கணக்கு.

அன்று சாப்பாட்டு நேரத்தில் என் தங்கை புருஷன் என் நோட்டை எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தான்.

"மேஸ்திரி மேல ரெண்டு நாளு. பொண்டாட்டி மேல நாலு. அட, எம்மேல பதினேழு நாளா! ஏன் மச்சான், நீ சாமியக் கும்புடுறியா, என்னையக் கும்புடுறியா?"

"குடுத்துருப்பா, பாவம்" என்றார் சுவிட்சுக்காரர். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

சாப்பிட்டதும் அவன் உருளைக்குள் இறங்கினான். நான் காவல். "முழிச்சிக்கிட்டு நில்லு மச்சான், தியானத்துல தூங்கிறாத" என்றான். நான் எண்ணத் தொடங்கினேன்.

டீ குடித்துவிட்டு வந்த சுவிட்சுக்காரர், வேலை முடிந்திருக்கும் என்று நினைத்துக் குரல் கொடுத்தார்.

"உள்ள ஆளு இருக்கா?"

குரல் காதில் விழவில்லை என்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். சுவிட்சுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். "நீயாவது இருக்கியேண்ணே" என்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். தோளை விலக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

சுவிட்சுக்காரரை விட்டுவிடுங்கள். அவர் மூன்று தடவையும் கேட்டார். கோபத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது விரதம், அதனால்தான் பேசவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதுவும் எடுபடவில்லை. முதல் தடவை கேட்டபோது தொண்ணூற்றாறில் இருந்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது நூறு முடிந்துவிட்டது.

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.