கல்லுரசிக்கு விட்ட தண்ணீர்

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா, சளி பிடித்திருக்கிறது. அணையில் வேலை பார்ப்பவனுக்குச் சளி சொந்தக்காரன் மாதிரி. சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

மதகைத் திறக்குமுன் சங்கு ஊத வேண்டும் என்பது விதி. ஆற்றில் நிற்பவர்கள் கரையேறத்தான் அது. எங்கள் பக்கம் எல்லாம் தலைகீழ். சங்கு கேட்டால் வலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடி வருவார்கள். புதுத்தண்ணீருக்குக் கல்லுரசி ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கல்லுரசியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு சாண் மீன். அணைக்குக் கீழே கூழாங்கல் படுகையில் வயிற்றை உரசி, கல்லிடுக்கில் முட்டையிடும். புதுத்தண்ணீர் வந்து சேற்றைக் கழுவினால்தான் முட்டை பிழைக்கும். வேறெந்த ஆற்றிலும் இது இல்லை என்று படித்தவர்கள் வந்து சொன்னார்கள். சொன்னதோடு சரி.

வலைக்காரர்களில் முதல் ஆள் என் மைத்துனன். சினை மீனாகப் பார்த்து அள்ளுவான். காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன்.

"நீ ஊது மாமா, நான் அள்ளுறேன். குடும்பமா தொழில் பண்ணுவோம்" என்று சிரிப்பான். அந்தச் சினையை என் மனைவி பொரித்து என் தட்டிலேயே வைப்பாள். தம்பி கொண்டுவந்தது என்றால் அவளுக்கு அமிர்தம்.

இந்த வருஷம் விரல்விட்டு எண்ணுமளவு மீன்தான் மிச்சம். இதுவும் போனால் அந்த இனமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் இல்லை. யாரிடம் போய் அழுவது? சங்கு ஊதாமலே மதகைத் திறந்தேன்.

மைத்துனன் படுகையில் நின்றது தெரியும். என் அறை ஜன்னலிலிருந்து படுகை முழுவதும் தெரியும். அன்று சங்குக்குக் காத்திராமல் முன்னாலேயே வந்து வலை கட்டிக்கொண்டிருந்தான். ஊதியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், உண்மைதான். கூடவே ஊரே வலையோடு வந்திருக்கும்.

"மூடு மாமா, நான் இங்க நிக்கிறேன்" என்று கத்தினான். குரல் நன்றாகவே கேட்டது.

கல்லுரசிக்கு ஒரு மதகை அரையடி தூக்கினால் போதுமே, நான்கையும் ஏன் முழுதாகத் திறந்தாய் என்கிறீர்கள். அந்த வேகத்தில் படுகையே பெயர்ந்து கல், மீன், முட்டை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்கிறீர்கள். போகும் என்று எனக்குத் தெரியாதா ஐயா? ஒரு மதகுத் தண்ணீர் அவனுக்கு இடுப்பளவுதான் வந்தது. அவன் நடந்தே கரையேறப் பார்த்தான்.