வரிக்குதிரை மார்க் கோகோ

எதையும் என் கையால் எழுதித்தான் எனக்குப் பழக்கம், இன்ஸ்பெக்டர் சார். உங்கள் ஏட்டு எழுதிக் காட்டியதைப் படித்தால் நான் ஏதோ பயந்துபோய் உளறியவன் மாதிரி இருக்கிறது. ஆகவே அதை ஓரமாக வைத்துவிட்டு நானே எழுதுகிறேன். மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டுக் கொடுத்ததற்கு நன்றி.

பெயர் மனோகரன், வயது அறுபத்திரண்டு, நூம்பலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகர டப்பா செய்யும் கம்பெனியில் முப்பது வருடம் சூப்பர்வைசர். வேலையை விட்டபின் பழைய டப்பாக்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். பிஸ்கட், முகப்பவுடர், மூக்குப்பொடி, எந்த டப்பாவானாலும் மூடியின் மடிப்பைப் பார்த்தே எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவேன். இந்தப் பக்கத்தில் டப்பா சேர்க்கிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் ஐ.டி. சம்பளக்காரர்கள். கைபேசியில் விலையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து வரலாறு பேசுவார்கள். ஆனாலும் அசல்தான் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

அருளப்பன் அண்டு கம்பெனி என்பது பூந்தமல்லியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மளிகை கொடுத்து வளர்ந்த கடை. மூட்டையில் வரவழைத்த கோகோவைச் சிவப்பு டப்பாவில் அடைத்து, ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி விற்றார்கள். டப்பாவில் ஒரு வரிக்குதிரை. வரிக்குதிரைக்கும் கோகோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. அறுபதுகளில் அந்த வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள். போன வருடம் பேரன் ஜஸ்டின் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, அதே பெயரில் மறுபடியும் கோகோ விற்கப் போவதாக அறிவித்தான். மூச்சுக்கு மூச்சு பாரம்பரியம் என்றான். அந்தப் பாரம்பரியத்தில் ஒரு டப்பாகூட வீட்டில் மிச்சமில்லை, எல்லாவற்றையும் அவன் அப்பாவே எடைக்குப் போட்டிருந்தார். புதுக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் திறக்காத டப்பா ஒன்று கிடைக்குமா என்று என்னிடம் வந்து நின்றான்.

என்னிடம் இருந்தது காலி டப்பா. ஆவடியில் ஒரு காயலான் கடையில் ஆணிகளைப் போட்டு வைத்திருந்ததை எடுத்து வந்தேன். காலி டப்பாவை எவனும் மதிப்பதில்லை. எனவே அதில் புதுக் கோகோவை நிரப்பி, ஈயத்தாள் ஒட்டி, மூடியைச் சுற்றிப் பற்றவைத்தேன். கோகோவில் வண்டு விழும். வண்டு விழுந்தால் டப்பாவும் பாழ். அதனால் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே தூவுகிற மருந்துப் பொடியைக் கூடவே கலந்தேன். நிறையவே கலந்தேன். திறக்காத டப்பா என்று கையெழுத்துப் போட்டு ஜஸ்டினிடம் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப் போகிற பொருளை யார் குடிக்கப் போகிறார்கள்? என் இடத்தில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் யோசித்திருப்பீர்கள்.

கடை திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஜஸ்டின் போன் செய்தான். "அங்கிள், செம ஐடியா ஒண்ணு. மேடையிலயே டப்பாவ ஓப்பன் பண்ணி, காய்ச்சி, ரெண்டு பேர் குடிக்கிறோம். நானும், தாத்தா காலத்துல பேக்கிங்ல இருந்த ஒரு அம்மாவும். சேஃப்தானே?"

சீல் உடையாத கோகோ கெடாது என்று சொன்னேன். பொதுவாக அது உண்மையும்கூட. திறக்காதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அப்புறம் நாற்பது பேரும் கேட்பார்கள். நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு டப்பாவையும் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். தவிர, அவன் குடிக்க மாட்டான், உதட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் செய்தான். அவனுக்கு ஒரு நாள் வாந்தியோடு போயிற்று.

அந்தப் பேக்கிங் அம்மாள் கண்ணம்மா அப்படி இல்லை. கொடுத்ததைக் கீழே ஊற்றத் தெரியாத ஜனம். பாரிவாக்கத்திலிருந்து கார் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். பதினைந்து வயதில் அந்தக் கடையில் கோகோ அடைத்தவராம், இப்போது எழுபத்தெட்டு. புதுப் புடவை மொடமொடக்க மேடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நிபுணர் என்று என்னையும் மேடையில் ஏற்றியிருந்தார்கள். டம்ளரை வாயருகே கொண்டுபோன அந்த அம்மாள் நிறுத்தி, மறுபடி முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், வாட வேற மாரி கீது? மூட்டைக்கு மருந்து போடுவாங்களே, அந்த மாரி. நம்ப கோகோ இது இல்ல சார்."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜஸ்டின் என் முகத்தைப் பார்த்தான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். கை பட்ட மாதிரி அந்த டம்ளரைத் தட்டிவிட்டிருக்கலாம். உயிரும் போயிருக்காது, என் பெயரும் கெட்டிருக்காது. அது அப்போதே எனக்குத் தோன்றியது. செய்யவில்லை. முப்பது வருடம் டப்பாவோடு குப்பை கொட்டிய என்னை, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பொம்பளை, அத்தனை பேர் முன்னால், வெறும் மூக்கை வைத்துத் திருத்துகிறாள். அதுவும் சரியாகத் திருத்துகிறாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அறுபது வருஷத்துப் பண்டம்மா, வாசனை அப்படித்தான் இருக்கும். உனக்கு மறந்துபோச்சு. குடி," என்றேன்.

"படிச்சவங்க சொல்றீங்க," என்றவர் முழுவதையும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் மிச்சமில்லை என்று சபைக்குக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆக, தெரிந்தேதான் குடிக்கச் சொன்னேன். கொலை என்றே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இன்றைய பேப்பரில் 'போலி டப்பா ஆசாமி கைது' என்று போட்டிருக்கிறார்கள். எழுதியவனுக்குத் தகரத்தைப் பற்றி என்ன தெரியும்? உள்ளே இருந்ததுதான் நான் போட்டது. டப்பா அசல். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள் சார், நாலு பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?