கணக்கில் ஏறாத கியர் பெட்டிகள்

— இன்னைக்கு ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுக்குள்ள கியர் பெட்டி கட்டற என் பெஞ்சை மூடறாங்களா? யாரைக் கேட்டு?

— கம்ப்யூட்டரைப் பார்த்து முடிவு பண்ணிட்டாங்க மாமா.

— உன் கம்ப்யூட்டர் ஒரு பல்சக்கரத்தை மோந்து பார்த்திருக்குமா? மாமனார் சொன்னா பொய், அந்த டப்பா சொன்னா நிஜம்.

— நாம கணக்குல ஏத்தினதைத்தான் அது சொல்லும். கியர் பெட்டி கட்டி முடிச்சதை ஏத்தினாத்தான், சாமானைக் கழிச்சிட்டு பெட்டியைக் கூட்டும். நீங்க ஏத்தவே இல்ல. அதனால ஸ்டோர்ல பல்சக்கரம், பேரிங் எல்லாம் குவிஞ்சு கிடக்கற மாதிரி காட்டுது. பெட்டி மட்டும் இல்லைங்குது. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

— என்ன நினைப்பாங்களாம்?

— சாமானைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காங்கன்னு.

— சும்மாவா? இந்தா, விரலைப் பாரு. கிரீஸைத் தேய்ச்சுத் தேய்ச்சு தோல் உரிஞ்சு கிடக்கு.

— அப்ப கட்டின பெட்டியெல்லாம் எங்க மாமா?

— இருக்கும் எங்கயாவது.

— பெயிண்ட் டிரம்முக்குப் பின்னாடி, சாக்கு போட்டு மூடியா?

— வேவு பார்க்கறியா நீ?

— ஏன் ஒளிச்சீங்கன்னு கேக்கறேன்.

— நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பெட்டி நிறையச் சேர்ந்துபோச்சு. போதும், கூப்பிடறப்ப வாங்கன்னு பெஞ்சு ஆளுங்க அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினானுங்க. ஒரு மழைக்காலம் பூரா கூப்பிடல. இப்ப உன் புருஷனும் அதே பெஞ்சுல நிக்கறான். அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகற நேரம். அதுவரைக்கும் வேலை தீரலன்னு தெரியணுமில்ல? அவசரம்னு வந்து நின்னவனுக்கு ஒண்ணு ரெண்டு எடுத்துக் கொடுத்துக்கிட்டுத்தான இருந்தேன்.

— அது போதல மாமா. பெட்டி வராம மிஷின் பூட்டற ஆளுங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. தினமும் தட்டுப்பாடுன்னு சிவப்புல காட்டுச்சு. இனிமே இங்க கட்ட வேணாம், கட்டின பெட்டியாவே வெளியில வாங்கிக்கலாம்னுட்டாரு மேனேஜர்.

— அவன் வாயால சொல்லுவான். கம்ப்யூட்டர்ல யாரு மாத்தினது?

— நான்தான். 'செய்வது'ன்னு இருந்ததை 'வாங்குவது'ன்னு மாத்தச் சொன்னாரு. மாத்தினேன்.

— நல்லா மாத்தின. தாலி கட்டினவன் சோத்துலயே கையை வச்சிட்ட.

— சிவப்பைத்தான் மாமா பார்த்தேன். சாக்குக்கு அடியில இருந்தது அப்ப எனக்குத் தெரியுமா?

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?

— கேட்டா சொல்லியிருப்பீங்களா?

— மாட்டேன்தான்.

— அப்புறம் என்ன.

— சரி விடு, அழாத. காலையில உன்கூட வர்றேன். சாக்கை நானே பிரிச்சுக் காட்டறேன். பெட்டி அத்தனையும் ஏத்திக்கோ. ஒளிச்சவன் நான்தான்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன். கிழவன் என்னைத் துரத்தினா துரத்தட்டும். பையன் பிழைச்சுக்குவான்.

— சாக்கை மத்தியானமே பிரிச்சிட்டாங்க மாமா. யாரு வேலைன்னு கேட்டதுக்கு, நான்தான்னு உங்க பிள்ளை முன்னால வந்து நின்னாரு. இனி வேலை இல்லைன்னு கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. இன்னும் வீட்டுக்கு வரல.